நோய்க்குப் பெயர் காணும் வரை

வாயிலே ஒரு புண் தோன்றினால் எமது வீடுகளில் அதற்கு உடனே ஒரு காரணம் கிடைத்துவிடுகிறது. உடம்பிற் சூடேறிவிட்டது என்பார் பாட்டியார். இரவு நெடுநேரம் கண்விழித்துப் படித்ததன் பலன் என்பார் தாயார். மலச்சிக்கல் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார் தகப்பனார். மணத்தக்காளிச் சொதியும், தேங்காய்ப்பாற் கொப்புளிப்பும், நாவில் ஒரு துளி தேனும் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. ஒரு வாரத்திலோ பத்து நாளிலோ புண் ஆறிவிடுகிறது. ஆற்றியது தத்தம் மருந்தே என்று மூவரும் மனத்துக்குள் முடிவு செய்துகொள்கிறார்கள். புண் தானாகவே ஆறியிருக்கலாம் என்ற நினைவு ஒருவருக்கும் எழுவதில்லை.

பெரும்பாலான வாய்ப்புண்கள் இவ்வாறு வந்து இவ்வாறே போய்விடுவன. ஆயின் சிலருக்குப் புண் ஆறுவதில்லை. அல்லது ஆறி ஆறி மீண்டும் வருகிறது. அதனுடன் தாடையின் கீழோ கழுத்தின் பக்கத்திலோ ஒரு கட்டி கைக்குத் தட்டுப்படுகிறது. அப்பொழுது வீட்டிலுள்ள விளக்கங்கள் யாவும் தீர்ந்துபோகின்றன. அச்சம் வந்து குடியேறுகிறது. ஒரு வைத்தியர் தந்த மருந்து நான்கு நாளிற் பலிக்கவில்லையென்று இன்னொருவரிடமும், அவருடையது பலிக்கவில்லையென்று மூன்றாமவரிடமும் குடும்பம் அலைகிறது. ஒவ்வொருவரிடமும் கதை புதிதாகத் தொடங்குகிறது. ஒவ்வொருவரிடமும் பாதியிலே நின்றுபோகிறது. அத்தகைய குடும்பங்களை மனத்திற் கொண்டே இவ்வாரம் எழுதுகின்றேன்.

எங்கேயோ தேள் கொட்ட எங்கேயோ நெறி கட்டியது என்று எம்மவர் பழமொழியாகச் சொல்லுவர். தொடர்பற்ற இரண்டைத் தொடர்புபடுத்துவோரைக் கேலி செய்வதற்கு இப்பழமொழி பயன்படுகிறது. ஆனால் உடற்கூற்று நூல் அறிந்தவர்க்கு இதில் கேலி எதுவும் இல்லை, உண்மையே உள்ளது. காலிற் புண் வந்தால் தொடையிடுக்கிலும், கையிற் புண் வந்தால் அக்குளிலும், வாயிலோ பல்லிலோ தொண்டையிலோ நோய் கண்டால் தாடையின் கீழும் கழுத்திலும் நெறி கட்டுகிறது. நிணநீர்க் கணுக்கள் எனப்படுபவை இவையே. உடம்பெங்கும் பல நூறு கணுக்கள் காவற்கூடங்கள் போல அமைந்துள்ளன. இழையங்களிலிருந்து வடியும் நிணநீர் இவற்றினூடாகச் செல்லும்போது அதிலுள்ள கிருமிகள் இங்கே தடுக்கப்படுகின்றன. காவலர் தொகை பெருகும்போது கூடம் வீங்குகிறது. ஆகவே வீங்கிய கணு பெரும்பாலும் ஒரு நோயன்று. வேறிடத்தில் நடக்கும் ஒரு போரின் அறிவிப்பேயாகும்.

அந்தப் போர் எது என்று காண்பதிலேதான் சிக்கல் இருக்கின்றது. ஏனெனில் வாய்ப்புண், நெறிகட்டு என்னும் இவ்விரு குறிகளையும் பொதுவாகக் கொண்ட நோய்கள் மிகப் பல. சிறு குழந்தைக்குக் காய்ச்சலோடு வாயெங்கும் கொப்புளம் போட்டுக் கழுத்திலும் நெறி கட்டினால், அது ஹேர்பீஸ் என்னும் வைரசின் முதல் வருகையாக இருத்தல் கூடும். கல்லூரிப் பருவத்தினருக்குத் தொண்டைப்புண்ணும் காய்ச்சலும் நீங்காக் களைப்பும் வந்து கழுத்தின் இருமருங்கும் கணுக்கள் வீங்கினால், அது சுரப்பிக் காய்ச்சலாக இருக்கலாம். இக்காய்ச்சலை ஜெர்மனியிலே எமில் பைஃபர் என்பார் 1889ஆம் ஆண்டில் விவரித்தார். அதை விளைக்கும் எப்ஸ்டைன்-பார் வைரஸ் 1964ஆம் ஆண்டில் வேறோர் ஆராய்ச்சியின்போது கண்டறியப்பட்டது. அந்த வைரசே இக்காய்ச்சலுக்குக் காரணம் என்பது 1968ஆம் ஆண்டிலேதான் வெளியாயிற்று. பெயருக்கும் காரணத்துக்கும் இடையில் ஏறத்தாழ எண்பது ஆண்டுகள்!

இவை தவிர, இரும்புச்சத்து, போலிக் அமிலம், பி12 விற்றமின் ஆகியவற்றின் குறைவும் வாய்ப்புண்ணைத் தரும். சொத்தைப் பல் நெறி கட்டச் செய்யும். இளம்பெண்களிடம் மூட்டுநோவு, முடி உதிர்வு, வெயிலில் முகஞ் சிவத்தல் ஆகியவற்றோடு வலியில்லாத வாய்ப்புண் காணின் லூப்பஸ் என்னும் நோயை எண்ணிப் பார்ப்பர். காசநோய், பால்வினை நோய்கள், எச்.ஐ.வி. தொற்று, இரத்தப் புற்றுநோய் ஆகியனவும் பட்டியலில் உள்ளன. மருந்தே நோயாவதும் உண்டு. மூட்டுவாதத்துக்கு வாரத்தில் ஒரு நாள் மட்டும் உட்கொள்ளவேண்டிய மெதோட்ரெக்சேட் என்னும் மாத்திரையை நாள்தோறும் உட்கொண்டுவிட்ட முதியோருக்கு வாயெல்லாம் புண்ணாகி உயிருக்கே இடர் நேர்வதுண்டு.

இத்தனை நோய்களும் இரண்டே குறிகளுக்குப் பின்னால் வரிசையாக நிற்கின்றன. இன்றைய மாணவன் இவ்விரு குறிகளையும் கைத்தொலைபேசியிலே எழுதிக் கேட்கிறான். அதுவும் வரிசை முழுவதையும் அவன்முன் நிறுத்திவிடுகிறது. வரிசையில் மிகக் கொடியது எதுவோ அதிலேதான் அவன் கண் பதிகிறது.

திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்திலே வைத்தியத்தை நான்கு கூறாக வகுக்கின்றார். நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து, பக்கத்திலிருந்து பணிசெய்பவன் என்பன அவை. வைத்தியனை முதலில் வைக்காமல் நோயுற்றவனையே முதலில் வைத்தமை கவனிக்கத்தக்கது. அதற்கு முந்திய குறளில், கற்றவன் ஆராயவேண்டியவை நோயாளியின் அளவும் நோயின் அளவும் காலமும் என்கிறார். இக்காலம் என்னும் சொல்லுக்கு உரைகாரர் கூறும் பொருள் எதுவாயினும், இங்கு நாம் எடுத்துக்கொண்ட நோய்க்குறிகளைப் பொறுத்தவரை காலமே தலையாய சாட்சியாகும். இதனை விளக்குதற்குத் துருக்கி நாட்டு வைத்தியர் ஒருவரின் வரலாற்றைச் சொல்லுதல் தகும்.

ஹுலுசி பெஹ்செட் என்பவர் 1889ஆம் ஆண்டில் இஸ்தான்புல்லிலே பிறந்தவர், தோல்நோய் வைத்தியர். 1924ஆம் ஆண்டளவில் அவரிடம் ஒரு மனிதர் வந்தார். வாயிலே புண், மறைவிடத்திலே புண், கண்ணிலே அழற்சி. இவை பல ஆண்டுகளாக வருவதும் போவதுமாக இருந்தன. அம்மனிதர் இஸ்தான்புல்லிலும் வியன்னாவிலும் வைத்தியர் பலரைக் கண்டிருந்தார். மேகநோய் என்றனர் சிலர். காசநோய் என்றனர் வேறு சிலர். கண் வைத்தியர் கண்ணைப் பார்த்தார். தோல் வைத்தியர் தோலைப் பார்த்தார். ஒவ்வொருவரும் தம் முன் நின்ற புண்ணுக்கு ஒரு பெயர் சொன்னார்கள். எந்தப் பெயரும் பொருந்தவில்லை. இதற்கிடையில் நோயாளியின் பார்வை போய்க்கொண்டிருந்தது.

பெஹ்செட் அவசரப்பட்டு ஒரு பெயர் சூட்டினாரல்லர். அந்த நோயாளியை ஆண்டுக்கணக்காகக் கவனித்து வந்தார். 1930ஆம் ஆண்டில் ஒரு பெண் அதே மூன்று குறிகளோடும் வந்தார். 1936ஆம் ஆண்டில் மூன்றாமவர் ஒருவர் வந்தார். மூவரின் கதைகளையும் ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக வைத்துப் பார்த்தபோதுதான், வாயும் கண்ணும் மறைவிடமும் தனித்தனி நோய்களால் வருந்தவில்லை, ஒரே நோயின் மூன்று முகங்களே அவை என்பது புலனாயிற்று. 1937ஆம் ஆண்டில் ஜெர்மன் மொழிச் சஞ்சிகையொன்றில் அதனை எழுதினார். கிரேக்க நாட்டுக் கண் வைத்தியர் அடமன்டியாடிஸ் என்பவரும் 1930ஆம் ஆண்டில் இத்தகைய நோயாளி ஒருவரைப் பற்றி ஏதென்ஸ் நகரிலே எடுத்துரைத்திருந்தார். ஆதலின் இருவர் பெயரையும் சேர்த்து வழங்குவோரும் உளர். பெஹ்செட் 1948ஆம் ஆண்டில் இறந்தார்.

இந்நோய் துருக்கி முதல் ஜப்பான் வரை பழைய பட்டுப்பாதையை அடுத்த நாடுகளிலே மிகுதியாகக் காணப்படுவது. எமது நாட்டில் அரிது. இதனை இங்கே சொல்வது வாய்ப்புண் கண்டவரெல்லாம் இதனை எண்ணி அஞ்சவேண்டும் என்பதற்காக அன்று. இன்றைக்கும் இந்நோயை உறுதிசெய்ய ஒரு தனி இரத்தப் பரிசோதனை கிடையாது. 1990ஆம் ஆண்டில் பன்னாட்டு வைத்தியர் குழுவொன்று வகுத்த அளவுகோலின் முதல் விதி என்னவெனில், வாய்ப்புண் பன்னிரண்டு மாதத்துள் குறைந்தது மூன்று முறை வந்திருத்தல் வேண்டும் என்பதே. அதனோடு மறைவிடப் புண், கண்ணழற்சி, தோற்குறி, ஊசி குத்திய இடம் கொப்புளித்தல் ஆகியவற்றுள் இரண்டேனும் இருத்தல் வேண்டும். பன்னிரண்டு மாதத்துள் மூன்று முறை என்பதை எந்தக் கருவி அளந்து சொல்லும்? நோயாளியின் நினைவு ஒன்றே சொல்லும். நினைவு தவறினால் அளவுகோலும் தவறும்.

காலத்தின் சாட்சியம் இவ்வாறிருக்க, காலம் மட்டும் போதாத இடமும் உண்டு. அது கழுத்துக் கட்டி. எமது முன்னோர் கழுத்தில் மாலைபோல் வரிசையாக எழும் கட்டிகளைக் கண்டமாலை என்றனர். இங்கிலாந்திலே இதற்கு அரச நோய் என்று பெயர். அரசர் கைபட்டால் தீரும் என்பது அக்காலத்தார் நம்பிக்கை. பின்னாளில் ஆங்கில அகராதி செய்து புகழ்பெற்ற சாமுவேல் ஜோன்சன் சிறு குழந்தையாக இருந்தபோது, 1712ஆம் ஆண்டில், ஆன் அரசியாரிடம் கொண்டு செல்லப்பட்டார். அரசியாரின் கை பட்டது, நோய் தீரவில்லை. 1882ஆம் ஆண்டில் றொபேட் கொக் காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்த பின்னரே கண்டமாலையின் காரணம் ஐயமறத் தெரிந்தது.

ஆனால் கழுத்துக் கட்டிகள் எல்லாம் காசநோயல்ல. 1832ஆம் ஆண்டிலே தோமஸ் ஹொட்ஜ்கின் என்னும் ஆங்கில வைத்தியர் கணுக்கள் பெருத்து இறந்த சிலரைப் பற்றி எழுதினார். அந்நோய் வேறொன்றா, காசநோயின் ஒரு வடிவமா என்ற வழக்கு எழுபது ஆண்டுகள் நடந்தது. 1898ஆம் ஆண்டில் கார்ல் ஸ்ரேண்பேர்க் என்பவர் அக்கட்டிகளை நுணுக்குக்காட்டியால் ஆராய்ந்து, அவற்றிலுள்ள விசேட உயிரணுக்களை வருணித்தார்; எனினும் அது காசநோயின் ஒரு வகையே என்று கருதினார். 1902ஆம் ஆண்டில் அமெரிக்காவில் டொறத்தி றீட் என்னும் இளம் பெண் வைத்தியர், இரண்டும் வெவ்வேறு நோய்கள் என்று நிறுவினார். இன்று அவ்வுயிரணு இருவர் பெயராலும் வழங்குகின்றது. கைக்கு ஒன்றுபோலத் தட்டுப்படும் இரு கட்டிகளுள் ஒன்றுக்குக் கிருமிநாசினி மருந்து, மற்றொன்றுக்குப் புற்றுநோய்ச் சிகிச்சை. இன்று இரண்டும் பெரும்பாலும் குணப்படுத்தத்தக்கன. ஆனால் எது எதுவென்று சொல்ல, கட்டியின் ஒரு துணுக்கையாவது எடுத்துப் பார்த்தே ஆகவேண்டும்.

இவ்விடத்திலே எம்மவர் பலர் தடுமாறுகின்றனர். கத்தி பட்டால் நோய் பரவிவிடும் என்று அயலார் சொன்னதைக் கேட்டு, துணுக்கு எடுக்க வைத்தியர் குறித்த நாளில் வீட்டிலே இருந்துவிடுகின்றனர். அனுபவம் மிக்கவர் முறையாகச் செய்யும் இப்பரிசோதனையால் விளையும் ஆபத்து மிகச் சிறிது. அதனைத் தவிர்ப்பதால் இழக்கும் மாதங்களே பெரிய ஆபத்து.

இனி எமது வகுப்பறைகளுக்கு வருவோம். உயர்தர வகுப்பு மாணவன் ஒருவனை நான் அறிவேன். பரீட்சைக்கு ஆறு மாதம் இருக்கையில் அவனுக்கு வாய்ப்புண் அடிக்கடி வந்தது. தாடையின் வலப்புறத்தில் ஒரு நெறியும் இருந்தது. கைத்தொலைபேசியின் உபயத்தால் தனக்குப் புற்றுநோய் என்று அவன் தீர்மானித்துவிட்டான். புத்தகத்தைத் தொடவில்லை, தாயாரிடமும் சொல்லவில்லை. சோறு உண்ண மறுத்ததைக் கண்டு தாயார்தாம் விஷயத்தை அறிந்தார். அவ்வம்மையார் அதிகம் படித்தவரல்லர். ஆயினும் சமையலறை நாட்காட்டியிலே, புண் வந்த நாளுக்கு ஒரு புள்ளியும், ஆறிய நாளுக்கு ஒரு கோடும் இட்டு வந்தார். இரண்டு மாதம் கழித்து வைத்தியரிடம் அந்த நாட்காட்டியையே சுருட்டி எடுத்துச் சென்றார்.

வைத்தியர் அதனை விரித்துப் பார்த்தார். ஒவ்வொரு புண்ணும் எட்டு முதல் பத்து நாளில் ஆறியிருந்தது. ஆறாத புண் ஒன்றேனும் இல்லை. ஆனால் நெறியோ புண் இல்லாத நாட்களிலும் இருந்தது. எனவே இரண்டுக்கும் காரணம் ஒன்றாக இருக்கவேண்டியதில்லை என்று அவர் ஊகித்தார். பல் வைத்தியர் பார்த்தபோது வலக்கீழ்க் கடைவாய்ப்பல்லின் அடியிலே சீழ் கண்டிருந்தது. இரத்தப் பரிசோதனையிலே பி12 விற்றமின் மிகக் குறைந்திருந்தது. அக்குடும்பத்தினர் மரக்கறி உணவினர். பையன் பாலையும் தயிரையும் வெறுப்பவன். பி12 விற்றமின் இயற்கையாக விலங்குணவிலும் பால் முட்டையிலுமே கிடைப்பது. பல்லுக்குச் சிகிச்சை நடந்தது, விற்றமின் கொடுக்கப்பட்டது. சில வாரங்களில் நெறி அடங்கிற்று. புண்களின் வருகையும் அருகிற்று. இரண்டு குறிகளைக் கண்டதும் ஒரே பெயரைத் தேடியது கைத்தொலைபேசி. இரண்டு பெயர்கள் உண்டென்று காட்டியது நாட்காட்டி.

ஆகவே வாசகர்கள் செய்யத்தக்கது யாது? ஓர் அப்பியாசக் கொப்பியை எடுத்துக்கொள்ளுங்கள். புண் தோன்றிய திகதி, ஆறிய திகதி, வாயில் எவ்விடம், எத்தனை, பயற்றளவா புளியங்கொட்டை அளவா, வலி உண்டா என்று எழுதுங்கள். நெறி எப்பொழுது தட்டுப்பட்டது, வளர்கிறதா, தொட்டால் நோகிறதா, விரலுக்கு அசைகிறதா என்று எழுதுங்கள். காய்ச்சல், இரவு வியர்வை, எடை குறைதல், கண் சிவத்தல், மூட்டுநோவு, வயிற்றோட்டம், தோற்கொப்புளம் ஆகியவை அற்பமாகத் தோன்றினும் குறித்துவையுங்கள். உட்கொள்ளும் மருந்துகள் யாவற்றையும், நாட்டு மருந்து உட்பட, எழுதுங்கள். முன்னர் கண்ட வைத்தியர்களின் துண்டுகளையும் பரிசோதனை முடிவுகளையும் அதே கொப்பிக்குள் வையுங்கள். மறைவிடப் புண்ணைப் பற்றி வைத்தியரிடம் சொல்ல நாணுதல் வேண்டாம். அந்த ஒரு சொல் மறைக்கப்பட்டமையால் நோயின் பெயர் பல ஆண்டு மறைந்திருத்தல் கூடும். எச்.ஐ.வி. பரிசோதனையை வைத்தியர் கேட்டால் அதனை அவமதிப்பாகக் கொள்ளவும் வேண்டாம். அது பட்டியலில் ஒரு பெயரை நீக்கும் முயற்சியே.

சில குறிகள் கொப்பிக்காகக் காத்திருக்கலாகாதவை. இரண்டு வாரத்தில் ஆறாத வாய்ப்புண், வெள்ளையாகவோ சிவப்பாகவோ படர்ந்த திட்டு, காரணமின்றி ஆடும் பல், வாய் முன்போல் அகலத் திறவாமை ஆகியவற்றைக் கண்டால் உடனே பல் வைத்தியரிடம் காட்டுதல் வேண்டும். மூன்று நான்கு வாரம் கடந்தும் சுருங்காத கணு, நாளுக்கு நாள் வளரும் கணு, கல்போற் கடினமாகி அசையாத கணு, காறையெலும்பின் மேலே தோன்றும் கணு ஆகியவற்றை வைத்தியர் பார்த்தே தீரவேண்டும். வாய்ப்புண்ணோடு கண் சிவந்து பார்வை மங்கினால் அன்றைக்கே கண் வைத்தியரிடம் செல்லுக.

இங்கே ஒரு முரணை நினைவிற் கொள்ளுதல் நன்று. மிகவும் நோகும் சிறு புண் பெரும்பாலும் தீங்கற்றது. நோகாத புண்ணே சில வேளை கொடியது. வெற்றிலையும் பாக்கும் புகையிலையும் ஒரே கன்னத்தில் அடக்கிவைக்கும் முதியவர், அவ்விடத்துப் புண்ணைப் பற்றிக் கேட்டால், அது நோகவில்லையே என்பார். எமது நாட்டு ஆண்களிடையே வாய்ப்புற்றுநோய் முன்னணியில் நிற்கின்றது. புகையிலையை நீக்கிவிட்டுப் பாக்கை மட்டும் மெல்வோரும் தப்பியவரல்லர். பாக்கு தனித்தே புற்றுநோய் விளைக்கும் என உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 2004ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலிலே தெரிவித்துள்ளது. மாணவர்களே, உங்கள் பாட்டனார் வெற்றிலை போடுபவராயின், மாதத்தில் ஒரு நாள் நல்ல வெளிச்சத்தில் அவரை வாய் கொப்புளிக்கச் சொல்லிக் கன்னத்தின் உட்புறத்தையும் நாவின் அடியையும் பாருங்கள். உங்கள் கண் அவருக்குச் செய்யக்கூடிய பெரிய உதவி அது.

இன்னொன்றும் சொல்லவேண்டியுள்ளது. பெயர் தெரியுமுன் மருந்து கொடுக்க வற்புறுத்தாதீர்கள். சுரப்பிக் காய்ச்சலில் அமொக்சிசிலின் கொடுத்தால் உடம்பெல்லாம் தோற்தடிப்பு எழுவது பலமுறை கண்ட அனுபவம். ஸ்ரெரோயிட் மாத்திரையோ சில கட்டிகளைத் தற்காலிகமாகச் சுருக்கி, நுணுக்குக்காட்டிக்கும் உண்மையை மறைத்துவிடும். இரண்டு வாரம் பொறுத்துப் பார்ப்போம் என்று வைத்தியர் சொன்னால், அவருக்கு ஒன்றும் தெரியவில்லை என்று வேறிடத்துக்கு ஓடாதீர்கள். எந்த நாளில் திரும்பி வரவேண்டும், என்ன மாற்றம் கண்டால் அதற்கு முன்னரே வரவேண்டும் என்று இரண்டு கேள்விகளைக் கேட்டு, விடைகளைக் கொப்பியில் எழுதிக்கொண்டு வீடு திரும்புங்கள். குறித்த நாளில், குணமாகியிருந்தாலும், அதே வைத்தியரிடம் மீண்டும் செல்லுங்கள். ஆறியது என்ற செய்தியும் அவருக்கு வேண்டியதே.